மஞ்சப்பை நூலு

போன மாசம் தகரக் கதவுல கால வெட்டிக்கிட்டு ஆசுபத்திரிக்குப் போயிருந்தேன். ரத்தம் அது பாட்டுக்கு ஓடுது. நர்சம்மா தொடச்சு மருந்து போட்டுட்டு, பேண்டேஜ் ரோல எடுத்துப் பிரிச்சாவ. நான் படக்குன்னு கைய நீட்டிட்டேன்.

"தாயி, அத இங்கன குடு. செத்த நேரம் பாத்துட்டுத் தாரேன்."

"எதுக்குப் பாட்டி?"

"உள்ள மஞ்ச நூலு ஏதும் கெடக்கான்னு பாக்கணும்."

நர்சம்மா என்னையப் பாத்தாவ, கூட வந்த எம் பேத்தியப் பாத்தாவ. "பாட்டிக்கு சுகர் எம்புட்டு இருக்கு?"ன்னு அவகிட்ட மெல்லக் கேட்டாவ. நான் விடுவேனா? ரோல வாங்கிப் பிரிச்சு, ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு, கடைசி வரைக்கும் பாத்துட்டுத்தான் குடுத்தேன். வரிசையில நின்ன சனம் சிரிக்குது. சிரிச்சா சிரிக்கட்டும். நூலு இல்ல. இல்லன்னதும் ஒரு பக்கம் நிம்மதி, இன்னொரு பக்கம் சப்புன்னு போயிட்டு. இருந்திருந்தா எங்க மதினியவே கண்ணுல கண்ட மாதிரி இருந்திருக்கும்.

மதினின்னா சொந்த மதினி இல்ல. கம்பெனி மதினி. ராஜபாளையத்துக்கு வெளிய ரோட்டோரத்துல ஒரு பேண்டேஜ் கம்பெனி இருந்துச்சு, அங்க என் கூட வேல பாத்தவிய. ஊரு ஸ்ரீவில்லிபுத்தூரு. தெனமும் பஸ்ஸுல வருவாவ. பேரச் சொல்லி அவியள யாரும் கூப்பிட்டதில்ல. எனக்கு மதினி, தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு வதினா, சூப்பர்வைசருக்கு அக்கா. முதுகுக்குப் பின்னால எல்லாருக்கும் 'ஒருக்காபாரு'. எந்நேரமும் அவிய வாயில அந்த ஒரு சொல்லுதான். "ஏட்டி, ஒருக்கா பாரேன்."

நல்ல ஒசரம். காதுல செவப்புக் கல்லுத் தோடு. கனகாம்பரம் இல்லாம வேலைக்கு வர மாட்டாவ. பால்கோவான்னா உசுரு, சாப்பாட்டு டப்பாவுல ஒரு ஓரமா அது ஒட்டிக்கிட்டு இருக்கும், புளிக்கொழம்பு கூடத் தொட்டுத் திம்பாவ. வலது கையில முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரு தழும்பு, காஞ்ச வாழமட்ட மாதிரி சுருங்கிக் கெடக்கும். அது கதைய அப்புறம் சொல்லுதேன்.

பேண்டேஜ் எப்படி ஆகுதுன்னு ஒங்களுக்குத் தெரியாதுல்ல? தறியில இருந்து சல்லடை மாதிரித் துணி வரும். அத வெளுப்பாவ. மார்கழி மாசத்துப் பனி கணக்கா வெள்ளையாயிரும். கட்டிங் மிசின்ல பட்டை பட்டையா வெட்டுனதும் நாங்க உக்காந்து சுத்தணும். சுத்துன ரோல அடுக்கிப் பையில போட்டு, அடுத்தவகிட்டத் தள்ளணும். அவ அந்தப் பையத் தெறந்து, பிசிறு இருக்கா, கறை இருக்கா, முடி கெடக்கான்னு பாத்துட்டு, அவ நம்பர் போட்ட ஸ்டாம்பப் பை மேல குத்தணும். குத்துனாத்தான் பை லாரிக்குப் போகும்.

ரூலு என்னமோ நல்ல ரூலுதான். யாரு பாத்தா? சாயங்காலம் பைய வரிசையா நிறுத்தி வச்சிக்கிட்டு, கண்டக்டர் டிக்கெட்டு கிழிக்க மாதிரி டக்கு டக்குன்னு குத்திட்டுப் போயிருவாளுவ. மதினிக்குப் பக்கத்துல உக்காந்திருந்தது ஒரு செட்டியார்பட்டிப் பிள்ளை. நல்ல பிள்ளைதான், வாய் ஓயாது. ஒரு கையில ஸ்டாம்பு, ஒரு கையில போனு.

"ஏட்டி, ஒருக்கா பாரேன்"ம்பாவ மதினி.

"அதான் குத்திட்டேனே மதினி."

"குத்துன. பாத்தியா?"

"நீங்க சுத்துனதுல என்னத்த தப்பு இருக்கப் போவுது?"

"இல்லன்னு ஒனக்கு எப்படித் தெரியும்? பாத்தவளுக்குல்ல தெரியும்."

"ஐயோ சாமி, பாத்தாச்சு, பாத்தாச்சு. தங்கமா இருக்கு. போதுமா?" கண்ணு போன்லதான் இருக்கும்.

மதினி மொகம் செவந்து போவும். எந்திரிச்சு நேரா சூப்பர்வைசர்கிட்டப் போவாவ. அந்தத் தம்பி கையக் கட்டிக்கிட்டுக் கேப்பான். கேட்டுட்டு, "அக்கா, இம்புட்டு வருசமா ஒங்க பையில ஒரு கம்ப்ளைண்ட் வந்ததில்ல. ஒங்களப் போயி செக் பண்ணுனா எங்களுக்குத்தான அசிங்கம்"பான். பெருசா புகழ்ந்துட்டதா அவனுக்கு நெனப்பு.

பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு மதினி பொரிஞ்சு தள்ளுவாவ. "மருவாதி குடுக்கானாம்ட்டி எனக்கு. சாமி முன்னாடிதான் கும்பிட்டுட்டுக் கண்ண மூடிக்கிடுவாவ. நான் என்ன சாமியா?"

எனக்குச் சிரிப்பு வந்துரும். சிரிச்சா அவியளுக்கு இன்னும் கோவம் வரும். அப்படி ஒரு நாளு கோவத்துலதான் கையக் காட்டித் தழும்புக் கதையச் சொன்னாவ. சின்னப் பிள்ளையா இருக்கையில, வீட்டுல சட்டி நெறய கொதிச்ச பாலு கையில கொட்டிட்டாம். ஆசுபத்திரியில கட்டுப் போட்டாவளாம். கட்டப் பிரிக்கையில புண்ணோட சேந்து நீளமா ஒரு முடி ஒட்டிக்கிட்டு வந்துச்சாம்.

"ஒங்க முடியா இருக்கும் மதினி"ன்னேன் நான்.

"எனக்கு அப்ப மொட்ட போட்டிருந்துச்சுட்டி! நேத்திக்கடனுக்கு எறக்குன மொட்ட. எவளோ ஒருத்தி முடி. அதுலதான் புண்ணு சீப்பிடிச்சு, கை இப்படி ஆச்சு."

தழும்பத் தடவிக்கிட்டாவ. பொறவு சொன்னாவ, "அதச் சுத்துனவள நான் திட்ட மாட்டேன். அவ கண்ணு சோந்திருக்கும். பக்கத்துல இருந்தவ எங்கட்டி பாத்துக்கிட்டிருந்தா?"

அந்தக் கேள்விதான் மதினி. அவியள அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல.

கெஞ்சிப் பாத்தாவ, சண்ட போட்டுப் பாத்தாவ, சுளிச்சுக்கிட்டுப் பேசாம இருந்தும் பாத்தாவ. ஒண்ணும் நடக்கல. ஒரு நாளு அவிய கொண்டுவார மஞ்சப்பை ஓரத்துல பிரிஞ்சு தொங்குன நூலப் பிச்சு, அடுக்குன ரோலுக்கு மேல, வெள்ளையில மஞ்சளா, கண்ணுல குத்துத மாதிரி வச்சுப் பைய மூடிட்டாவ. செட்டியார்பட்டிப் பிள்ளை தெறக்கவே இல்ல. டக்குன்னு ஒரு குத்து. மதினி அந்தப் பையத் தூக்கிட்டுப் போயி எல்லார் முன்னாடியும் பிரிச்சு நூலத் தூக்கிக் காட்டுனாவ. "இந்தா! இதப் பாத்துத்தான குத்துன?"

ஷெட்டே சிரிச்சுச்சு. "வதினாவுக்கு வேற வேலை இல்ல"ன்னாளுவ. அம்புட்டுத்தான்.

பொறவு ஒரு நாளு அந்தப் பிள்ளை லீவு போட்டா. மதினி பை எங்கிட்ட வந்துச்சு. எனக்கு எழுத்துன்னா கறுப்பு எறும்பு ஊர்ந்து போற மாதிரி. பையில ஒட்டுன சீட்டப் பாத்து ஒண்ணும் தெரியாது, அதனால எந்தப் பை வந்தாலும் தெறந்து சாமானப் பாத்துருவேன். பெரிய கெட்டிக்காரத்தனம் எல்லாம் இல்ல, வேற வழி இல்ல. தெறந்தா மஞ்ச நூலு.

"மதினி, ஒங்க பை நூலு உள்ள கெடக்கு."

ஆத்தாடி! மதினி திரும்புனாவ பாருங்க, அந்த மொகத்த இன்னிக்கும் என்னால மறக்க முடியல. பெத்த பிள்ளை மொத மொதல்ல அம்மான்னு கூப்பிட்ட மாதிரி. எந்திரிச்சு வந்து என் கன்னத்தப் பிடிச்சுக் கிள்ளுனாவ. "நீ பாத்தட்டி. நீ பாத்துட்ட!" வலி உசுரு போச்சு. அவிய கண்ணுல தண்ணி நின்னதப் பாத்து நான் வலின்னு சொல்லல.

மறுநாளே எடத்த மாத்தி எம் பக்கத்துல வந்து உக்காந்துட்டாவ. அதுல இருந்து ஆரம்பிச்சது எங்க வெளையாட்டு. மதினி தெனமும் என்னத்தையாவது ஒரு தப்பு பண்ணிட்டு வருவாவ, நான் கண்டுபிடிக்கணும். ஒரு நாளு வளையல்ல ஒண்ணு மட்டும் வேற நெறம். ஒரு நாளு தயிர்ச்சோத்துக்கு நடுவுல பாகக்கா. ஒரு நாளு காலுல ஒண்ணு நீலச் செருப்பு, ஒண்ணு மகளோட காப்பிக்கலர்ச் செருப்பு. அப்படியே பஸ்ஸுல ஏறி, நடந்து, வாசல்ல நிக்க வாச்மேனுக்கு வணக்கம் போட்டு வந்திருக்காவ. ஒருத்தர் பாக்கல. நான் எட்டத்துல இருந்தே, "மதினி, காலு!"ன்னு கத்துனேன். ஆளு குதியா குதிச்சாவ, அந்த ரெட்டைச் செருப்போட.

நான் கண்டுபிடிக்கலைன்னா போச்சு. சாயங்காலம் வரைக்கும் மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு, ஏதாவது கேட்டா சுவத்தப் பாத்துப் பதில் சொல்லுவாவ.

ஆடித் தேருக்கு என்னைய அவிய ஊருக்குக் கூட்டிட்டுப் போவாவ. வத்திராயிருப்பு, மகாராஜபுரம்னு சுத்துப்பட்டிச் சனம் அம்புட்டும் அங்கதான் நிக்கும். ஒரு வருசம் அம்புட்டுக் கூட்டத்துலயும் என் காதுக்குள்ள, "ஏட்டி, இன்னிக்கு என்னன்னு ஒருக்கா பாரு". மேல கீழ பாத்தேன். ஒண்ணும் தெரியல. கடைசியில பாத்தா கொண்டைய நடுவுல போடாம ஒரு பக்கமா சரிச்சுப் போட்டிருக்காவ.

"மதினி, ஆண்டாளுக்கே கொண்டை ஒரு பக்கமாத்தான் இருக்கு. இந்த ஊருல நின்னுக்கிட்டு இதத் தப்புன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?"

மதினி கையால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாவ. "நீ ஜெயிச்சட்டி"ன்னு சொல்லி எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் குடுத்தாவ. ஐஸ் போடாம.

இப்படியே இருந்திருக்கலாம். ஆனா மதினிக்கு அந்தச் செட்டியார்பட்டிப் பிள்ளைய ஒரு நாளாவது பாக்க வச்சிரணும்னு வைராக்கியம். நான் இல்லாத நேரம் அவ பக்கத்துல உக்கார வேண்டி வந்தா, அந்த மஞ்ச நூல வச்சிருவாவ. அவ குத்திட்டா, உச்சுக் கொட்டிக்கிட்டு மதினியே எடுத்துருவாவ. பையத் தச்சு லாரிக்கு அனுப்ப ஒரு நாளும் விட்டதில்ல.

அன்னிக்கு எனக்குக் கட்டிங் மிசின் பக்கம் வேல. அவசர ஆர்டரு, வாசல்ல ரெண்டு லாரி நிக்கி. மதினி நூலு வச்ச நேரம் பாத்து மக கிட்ட இருந்து போனு. ஷெட்டுக்குள்ள கேக்கலைன்னு வெளிய போயிப் பேசிட்டு வந்தாவ. திரும்பி வந்தா பை இல்ல. ஸ்டாம்பு குத்தி, தச்சு, ஏத்தியாச்சு. ஒரு லாரி கெளம்பியும் போயிட்டு, ரெண்டாவது கெளம்பப் போவுது.

மதினி ஓடுனாவ பாருங்க. சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, வாசலுக்குப் போயி லாரிக்கு முன்னால ரெண்டு கையையும் விரிச்சு நின்னுட்டாவ. டிரைவரு ஆரன் அடிக்கான். "ஏ ஆத்தா, ஒனக்கு என்ன கிறுக்கா?"

"பைய எறக்குய்யா. உள்ள நூலு கெடக்கு."

சூப்பர்வைசர் தம்பி ஓடி வந்தான். "என்ன நூலு? யாரு போட்டது?"

நான் மதினி முந்தானையப் பிடிச்சு இழுத்து, "தெரியாம விழுந்துட்டுன்னு சொல்லுங்க மதினி"ன்னு காதுல சொன்னேன். கையத் தட்டி விட்டுட்டாவ.

"தெரியாம விழல. நான்தான் வேணும்னே வச்சேன். அவ பாக்காளான்னு பாக்க வச்சேன்."

லாரியில ஏத்துனத எல்லாம் எறக்குனாவ. தச்ச பை அம்புட்டையும் பிரிச்சு ஷெட்டு நெறய பரப்பி, எல்லாரும் உக்காந்து பாருங்கன்னுட்டாவ. போனெல்லாம் ஓரத்துல வச்சாச்சு. தலையக் குனிஞ்சு, ரோல வெளிச்சத்துல தூக்கி, ஒவ்வொருத்தியும் பாக்கா. அந்தக் கம்பெனியில எல்லாரும் ஒண்ணுபோல உக்காந்து பாத்தத நான் அன்னிக்குத்தான் பாத்தேன். என்னென்ன வந்துச்சு தெரியுமா? ஒருத்தி ஒட்டுப்பொட்டு. ஒரு துருக்கறை. பிஸ்கட்டு மூலை ஒண்ணு. அப்புறம் ஒரு பையில, நீளமா ஒரு முடி.

மஞ்ச நூலு மட்டும் கெடைக்கல. மொத லாரியிலயே போயிருக்கு.

மதினி தரையில கால நீட்டி உக்காந்து, பாக்குதவளுகளையே பாத்துக்கிட்டிருந்தாவ. மூக்க உறிஞ்சுதாவ, உதட்டோரம் சிரிப்பும் இருக்கு. "பாரேன்ட்டி. எல்லாரும் பாக்காளுவ."

சாயங்காலம் மதினிய மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டு, நாளையில இருந்து வர வேண்டாம்னுட்டாவ. லாரிய நிறுத்துன பொம்பளைய வச்சிக்கிட்டு வேல பாக்க முடியாதாம். அந்த முடியப் பத்தி யாரும் ஒரு வார்த்த பேசல. செட்டியார்பட்டிப் பிள்ளை மதினி கையப் பிடிச்சுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுதா. மதினி தன் முந்தானையால அவ மொகத்தத் தொடச்சு விட்டாவ. "கண்ணு கலங்கி இருந்தா எப்படிட்டி பையப் பாப்ப? போ, போயி மொகத்தக் கழுவு."

அன்னிக்குப் பஸ்ஸுல ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் நானும் கூடவே போனேன். மதினி வேல போனதப் பத்தி ஒண்ணும் சொல்லல. நூலப் பத்தித்தான் புலம்புதாவ.

"ஆசுபத்திரியில ஆவியில வேக வச்சுத்தான் எடுப்பாவ மதினி. நூலும் சேந்து வெந்திருக்கும். ஒண்ணும் ஆகாது."

"ஒரு புண்ணுல ஒட்டிட்டா?"

"நர்சு கண்டா தூக்கிப் போட்டுரும்."

"கண்டாத்தானட்டி"ன்னாவ. ஊரு வார வரைக்கும் மடியில இருந்த மஞ்சப்பை ஓரத்த நெருடிக்கிட்டே வந்தாவ.

கம்பெனியில கொஞ்ச நாளு எல்லாரும் தெறந்து தெறந்து பாத்தோம். பொறவு பழையபடி டக்கு டக்குன்னு ஆயிட்டு. செட்டியார்பட்டிப் பிள்ளை மட்டும் கடைசி வரைக்கும் பாத்துத்தான் குத்துனா. அவளோட பை பின்தங்குதுன்னு திட்டு வாங்கிக்கிட்டே பாத்தா. இத மதினிகிட்டச் சொல்லணும்னு நெனச்சேன்.

சொல்ல முடியலையே. மக அவியளத் திருப்பூர்ப் பக்கம் கூட்டிட்டுப் போயிட்டா. போன புதுசுல போன்ல பேசிக்கிட்டிருந்தோம். எனக்கு எழுத்து தெரியாதுன்னு பேத்தி மதினி நம்பருக்குக் கிளிப் படம் வச்சுக் குடுத்திருந்தா. கிளிய அமுக்குனா மதினி பேசுவாவ. ஒரு நாளு சொன்னாவ, "ஏட்டி, இன்னிக்கு மாப்பிள்ளைக்குக் காப்பியில சீனிக்குப் பதிலா உப்பப் போட்டுக் குடுத்தேன்."

"ஐயையோ! என்ன சொன்னாரு?"

"முழுசாக் குடிச்சிட்டு, நல்லா இருக்கு அத்தைன்னு எந்திரிச்சுப் போயிட்டாருட்டி."

நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தமே இல்லன்னு செத்த நேரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு. "மதினி? மதினி?"ன்னேன். "ரெட்டைச் செருப்பு போட்டுக்கிட்டுக் கடைக்குப் போயிட்டு வந்தேன்ட்டி"ன்னாவ. "இங்க யாரு பாக்கா?"

அப்புறம் எம் போனு தண்ணி டிரம்முக்குள்ள விழுந்துட்டு. கிளியோட மதினி நம்பரும் போயிட்டு. என் சிம்மும் வேற யாரு பேருலயோ வாங்குனதாம், என் பழைய நம்பரத் திரும்பத் தர மாட்டாவளாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போயிப் பாத்தேன். மதினி வீட்டுல வேற ஆளு குடியிருக்கு. அவியளுக்கு முன்னால யாரு இருந்தான்னே தெரியாதாம்.

இப்பவும் ஆடித் தேருக்குப் போறேன். எல்லாரும் அண்ணாந்து தேரப் பாக்காவ. நான் குனிஞ்சு சனங்க காலப் பாத்துக்கிட்டு நிக்கேன். ஒண்ணு நீலமும் ஒண்ணு காப்பிக்கலருமா ஒரு செருப்பு வந்துராதான்னு. "கீழ என்னத்தத் தொலைச்சிய?"ன்னு போன தடவ ஒரு பொம்பள கேட்டா. "மதினிய"ன்னேன். அவ தள்ளி நின்னுக்கிட்டா.

நான் சொல்லச் சொல்ல இத எம் பேத்தி எழுதிக்கிட்டிருக்கா. இது ஊரு ஒலகமெல்லாம் போகுமாம், திருப்பூர்ல இருக்கவியளும் வாசிக்கலாமாம். மதினிக்கு நல்லா வாசிக்கத் தெரியும். பஸ்ஸுல பக்கத்துச் சீட்டுக்காரன் பேப்பரயே ஒரு வரி விடாம வாசிச்சு முடிச்சிருவாவ.

அதனால இதுக்குள்ள ஒரு தப்பு வச்சிருக்கேன். வேணும்னேதான். மதினியப் பத்தி நான் சொன்னதுல ஒண்ணு அப்படி இல்ல. நீங்க எம்புட்டுத் தேடுனாலும் கெடைக்காது. அது எனக்கும் மதினிக்கும் மட்டும் தெரிஞ்ச விசயம். அவிய கண்ணுல பட்டுச்சுன்னா சும்மா இருக்க மாட்டாவ. "என்னத்தட்டி சொல்லி வச்சிருக்க?"ன்னு திட்டுததுக்காகவே பஸ் ஏறி வந்துருவாவ. எங்க வீடு அதே வீடுதான், வாசல்ல அதே தகரக் கதவு.

எழுதி முடிச்சிட்டு, பேத்தி முழுசா வாசிச்சுக் காட்டுனா. "எல்லாம் சரியா இருக்கா அம்மாச்சி?"ன்னு கேட்டா. சரியா இருக்குன்னேன். அவளுக்கும் பிடிபடல. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு தாங்கல.

மதினி, ஒருக்கா பாருங்க.